எரியோட்டுக் கடிகாரம்

இன்று காலை எரியோட்டில் பேச்சியம்மா தன் பழைய அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. இதை உன் ஒருவனிடம்தான் சொல்ல முடியும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அவர் தோட்டத்தில், நாம் தோண்டிய அதே குழியில் நில அதிர்வுக் கருவியை மறுபடி இறக்கியிருந்தேன். அதன் கடிகாரத்துக்குச் செயற்கைக்கோளிடமிருந்து நேரம் வாங்கித் தரும் ஆன்டெனாவைக் கம்பில் கட்டி நிறுத்தினேன். அந்த அம்மா நேராக வந்து அதன்மேல் சட்டியைக் கவிழ்த்தார்.

"மழையில நனைஞ்சுரும்ல சார். போன தடவையும் நாந்தான் கவுத்து வச்சேன். நீங்க வார அன்னைக்கு மட்டும் எடுத்துருவேன். ஆளுக வாரப்ப சட்டி கவுந்து கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு, "கண்ணாடி போட்ட சார் வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

தென்மேற்கே கடலுக்கடியில் எங்கோ நிலம் நடுங்கினால், தரையை ஒட்டி ஊர்ந்து வரும் அலை முதலில் நம் சேவுகம்பட்டிக் கருவியைத் தொடும், பிறகு எரியோட்டை. நீள அலை ஆழம்வரை தடவிக்கொண்டு வரும், குட்டை அலை மேலோடு போய்விடும். எது எவ்வளவு நேரத்தில் கடந்தது என்று பார்த்து, நம் காலடியில் கண்டத்தைத் தாங்கும் பாறைக்கோளம் எப்படிப்பட்டது என்று சொல்லக் கிளம்பினோம். எரியோட்டுக்கு அலை தாமதமாக வந்தது. அடியில் பாறை இளகிக் கிடக்கிறது என்று நான் குதித்தேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குட்டை அலையும் லேட்டு, நீள அலையும் அதே அளவு லேட்டு. பூமி இம்புட்டு ஒழுங்கா இருக்காது மாப்ள. கடிகாரப் பதிவை முழுசாப் பாரு. எனக்குப் பயமா இருக்கு."

பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கேலி செய்தேன். நாம் போன நாளெல்லாம் கடிகாரம் சரி என்று கருவியில் பச்சை விளக்கு எரிந்ததே, அது போதாதா என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, "பார்த்துட்டேன், சரியா இருக்கு" என்றேன். கடிகாரப் பதிவுக் கோப்பை நான் திறக்கவே இல்லை. நீ நம்பினாய். கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதும் கேட்டாய். "நெசமாத்தான பார்த்த?" நான் தலையை ஆட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

இன்று பிற்பகல் அறைக்குத் திரும்பி அந்தக் கோப்பைத் திறந்தேன். நாம் போன ஒவ்வொரு நாளிலும், சட்டியை எடுத்த நேரத்தில், கடிகாரம் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட வாரங்களில், சட்டிக்கடியில் செயற்கைக்கோளின் நேரம் எட்டாமல், அது முந்தி ஓடியிருக்கிறது, ஏறக்குறைய அலை தாமதமாகத் தெரிந்த அளவு. பாறை இளகவில்லை.

சட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று அந்த அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. நாளை நம் கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்புவேன். முதலில் சந்தேகப்பட்டவன் நீ என்று அதில் இருக்கும். உன் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது, இனி எந்தப் பச்சை விளக்கையும் நம்ப மாட்டேன். ஆனால் நான் தலையாட்டியதை எந்தத் திருத்தத்தில் எழுதுவது?