பெல்லார்ஜ் ஆறாவது சுற்றில் நின்றது

காஸாபிளாங்கா, மாரிஃப்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிஸ்லானுக்கு,

ஆண்டவன் காவலில் நீ சுகமாக இருக்க வேண்டும், மொன்றியல் குளிர் உன் எலும்பைத் தொடாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அப்பா சுகம், அவர் முழங்கால் பாதி சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மார்பில் தையல் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். மனம்தான் மூடிவைத்த தஜீன் சட்டி மாதிரி உள்ளே கொதிக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

ஆபரேஷன் முடிந்து கை தூக்க முடியாமல் கிடந்த என் முன்னால் மடிக்கணினியில் அந்தக் கார் விளையாட்டைக் கொண்டுவந்து வைத்தவள் நீ. படுத்துக்கிட்டே ரேஸ் கார் செய்யலாம் உம்மி, அந்தக் காலத்துக் கார், கம்ப்யூட்டர் கிடையாது, ஒழுங்கான பிரேக்கும் கிடையாது, உனக்குப் பிடிக்கும் பார் என்றாய். பிடித்தது. கார் ஓட்டவே தெரியாத நான் சிலிண்டர் எத்தனை, கார்புரேட்டர் எத்தனை என்று பகலெல்லாம் கணக்குப் போட்டேன். உன் அப்பா பின்னால் வந்து நின்று, மகாராணியைக் கூப்பிடுகிற மாதிரி, லல்லா பத்தூல், உன் காரோட மூக்கு காஸாபிளாங்காவுல இருக்கு, வால் ரபாத்துல இருக்கு, நடுவுல நான் எங்க ஏறிக்கிறது என்று கேலி செய்வார். அந்த நீள மூக்குக்காகத்தான் நாரை என்று பெயர் வைத்தேன், பெல்லார்ஜ். செலவு வரம்புக்குள் செய்த கார்களை வாங்கி ஓட்டிப் பார்த்து நீ இணையத்தில் நடத்தும் போட்டிக்கே அதை அனுப்பினேன். நான் உன் தாய் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிஸ்லான் தராசு மாதிரி, யார் பக்கமும் சாயமாட்டாள் என்று எழுதினார்கள், அதைப் படித்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

முதல் பரிசு என்று நீ அறிவித்த அன்று நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்று கேள். பாதாம் பிறைப் பலகாரம் சுட்டு மாடிக்கு மாடி கொடுத்தேன், எதிர்வீட்டு ஸொஹ்ரா படிக்கட்டில் நின்று குலவையிட்டாள், இறைச்சிக் கடைக்காரன்கூட, ஹாஜ்ஜா, இனிமே உங்களுக்கு எலும்பில்லாத கறிதான் என்றான். உன் அப்பா பெல்லார்ஜின் படத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். இரண்டாவதாக வந்த மொன்ஸஃப், துனீசியாவில் ஸ்ஃபாக்ஸ் ஊரில் பல் டாக்டராக இருக்கிறாரே அவர்தான், நோன்பு மாதம் முழுக்க அந்தச் சின்ன நாலு சிலிண்டர் காரைத் தட்டிக்கொட்டிச் செய்தவர், எனக்குத்தான் முதலில் வாழ்த்து அனுப்பினார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். லல்லா பத்தூல், உங்க ஃபைலைத் திறந்து பார்த்தேன், அந்த எஃகு ராடைப் போட்டா செலவு வரம்பு தாண்டிடுதே, எங்க மிச்சம் பிடிச்சீங்க, எனக்கும் சொல்லிக் கொடுங்க என்று. குத்தலே இல்லை மகளே, மாணவன் கேட்பது மாதிரி கேட்டார்.

எந்த எஃகு ராடு? பிஸ்டனைத் தாங்க நான் போட்டது வார்ப்பு ராடு, வரம்புக்குள் அதுதான் கிடைத்தது. நீ எல்லார் பார்வைக்கும் வைத்த ஃபைலைத் திறந்தேன், உள்ளே அடித்துச் செய்த கெட்டி எஃகு. என் காரின் வயிற்றைத் திறந்து யாரோ கை வைத்திருக்கிறார்கள். உடனே உனக்குப் போன் போட்டேன், நீ சொன்னாய், ஆமா உம்மி, நான்தான் மாத்தினேன், உன் எஞ்சின் ஆறாவது சுத்துலயே வெடிச்சிடுச்சு, ஆஸ்பத்திரியில உன் முகத்தைப் பார்த்துட்டு வந்தவ அதை எப்படி எழுதுவேன் என்று. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, வெறும் விளையாட்டுதானே உம்மி என்றாய் பார், அப்போதுதான் போனை வைத்தேன்.

விளையாட்டுதான். விளையாட்டில்கூட ஒழுங்காகத் தோற்க விடமாட்டாய் என்றால் நான் வேறு எங்கே போய்த் தோற்பேன்? மருந்துக் கடையில் அத்தனை வருடம் நின்றவள் நான், பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று ஒருவனுக்கும் சர்க்கரை உருண்டையை மருந்தென்று கட்டிக் கொடுத்ததில்லை. என் மகள் எனக்கே கட்டிக் கொடுத்திருக்கிறாள், நானும் இனிப்பாக இருக்கிறதே என்று சப்பி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். டாக்டர்கள் என்னிடமிருந்து எடுத்தது போதாதா, என் தோல்வியையும் நீ எடுத்துக்கொண்டாய். என்னைச் செத்தவள் கணக்கில் சேர்த்துவிட்டாயா? செத்தவர்களைத்தானே புகழ மட்டும் செய்வார்கள். அந்த மொன்ஸஃப் என்ன பாவம் செய்தார்?

அவரிடம் உண்மையைச் சொன்னேன். மனிதர் என்ன சொன்னார் தெரியுமா, விடுங்க லல்லா, அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவுல நான் எதுக்கு, பரிசு உங்ககிட்டயே இருக்கட்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம்! உங்க பிச்சையும் எனக்கு வேண்டாம் டாக்டரே என்று எழுதிவிட்டு, போட்டிப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க நானே போட்டேன்: பத்தூலின் பெல்லார்ஜ் ஆறாவது சுற்றில் எஞ்சின் வெடித்து நின்றது, முதல் பரிசு மொன்ஸஃபுக்கு. சுவரில் மாட்டிய படத்தையும் இறக்கிவிட்டேன், உன் அப்பா முனகினார், முனகட்டும். போட்டிப் பக்கத்தில் பெரிய சண்டை. கிஸ்லான் இனி நடுவராக இருக்கக் கூடாது என்று ஒருவன் உன்னை வாய்க்கு வந்தபடியெல்லாம் எழுதினான். அவனுக்கும் பதில் போட்டேன், அவளைத் திட்ட ஆள் இருக்கிறது தம்பி, நீ உன் காரைப் பார் என்று. அது வெளியாருக்கு. உனக்குச் சொல்வது இது: நீயே மொன்ஸஃபைக் கூப்பிட்டு உன் வாயால் மன்னிப்புக் கேள், எழுதி அனுப்பித் தப்பிக்காதே. நடுவராக இருக்கலாமா வேண்டாமா என்று போட்டிப் பக்கத்தில் இருப்பவர்களையே கேள், அவர்கள் சொல்வதற்குக் கட்டுப்படு.

நான் அதே வார்ப்பு ராடையே வைத்து, எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, காலையில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது சுற்றில் வெடித்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், வெடிச்சதுக்கா இவ்வளவு சிரிப்பு என்றார். ஆமாம், நானே வெடிக்க வைத்தேன் என்றேன்.

இதை மொன்றியலுக்கு வருகிற ஹனான் கையில் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பாதாம் அரைத்த அம்லூவும் இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைக்காதே, கல்லாகிவிடும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிமிர்ந்த முதுகும் தரட்டும், உன் கையை யார் பிடித்தாலும் நேராக எழுதுகிற தைரியம் தரட்டும். வெள்ளிக்கிழமை கூப்பிடு, எடுப்பேன், ஆனால் இனிமையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

கோபம் ஆறாத உன் தாய்,
பத்தூல்