சுவர் இவ்வளவு பக்கத்திலா?

ஏப்ரல் 4, 1971, ஞாயிறு

பிரையர் ஹில் கார் பந்தயத்தில் இரண்டாவது. ஜெயித்திருக்க வேண்டிய பந்தயம். ஜெயித்தது டப் ப்ரூயிட். வேறு யார்?

வண்டி இன்று வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆர்வில் பலகையைத் தூக்கிக் காட்டினான்: இன்னும் எட்டுச் சுற்று. டயரைக் கொஞ்சம் காப்பாற்றிவைத்துக் கடைசியில் டப்பை முந்தலாம் என்று நிதானமாகப் பின்னால் போனேன். மூன்றே சுற்றில் பந்தயம் முடிந்தது என்று கட்டம் போட்ட கொடியை ஆட்டிவிட்டார்கள்.

ஆர்வில் என் மனைவி நெவாவின் தம்பி. என் தலைமை மெக்கானிக். சாக்குக்கட்டியை என் மேலேயே எறிந்தான்.

“மூணுன்னு இம்மாம் பெருசா எழுதிக் காட்டறேன், நீ ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன் மாதிரி போறியே மச்சான்!”

“டயர் சூடாயிருச்சுடா” என்று புளுகினேன்.

உண்மை என்னவென்றால் பலகையில் எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் பூனை. எட்டு என்பது நானாக எடுத்த முடிவு.

ஏப்ரல் 6

காலையில் வேலிப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுத் திருமதி ஓவர்கேஷுக்குக் கை ஆட்டினேன். பதில் இல்லை. என்ன கோபமோ என்று நெவாவிடம் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அது அவங்க கன்னுக்குட்டி, ஹாய்ட்” என்றாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காப்பியில் சர்க்கரை பற்றி ஏதோ பேசி நழுவினேன்.

நாற்பத்து மூன்று வயது. இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கண் சரியில்லை என்று ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும், முடிந்தது கதை.

ஏப்ரல் 18, ஞாயிறு

பலகை ‘உள்ளே வா’ என்றதாம். நான் ‘நல்லா போ’ என்று எடுத்துக்கொண்டேன். நல்லாத்தான் போனேன், பெட்ரோல் தீரும்வரை.

வண்டிக்குச் சொந்தக்காரர் திரு. ஹஃப்மன், டிராக்டர் விற்பவர், மூச்சு வாங்க நடந்து வந்தார்.

“உனக்குத் திமிரா, ஹாய்ட்? பலகை சொல்றதைக் கேக்க மாட்டியா?”

“இனிமே கேக்கறேன் சார்.”

“இன்னொரு தடவை இப்படி நடந்தா, என் 68-ம் நம்பர் வண்டியை வேற ஆள் ஓட்டுவான்.”

திமிர் என்றே நினைக்கட்டும். அது பரவாயில்லை.

ஏப்ரல் 21, புதன்

நம்ம ஊர்க் கண் மருத்துவரிடம் போனால் ஊரே பேசும். அதனால் ஸ்டேட்ஸ்வில் வரை போனேன், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு. காத்திருக்கும் அறையில் ஒருத்தன் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்திரிகை தலைகீழாக இருந்தது. அந்தப் பூட்ஸை எங்கே பார்த்தாலும் தெரியும்.

“டப், இங்க என்னடா பண்றே?”

“அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்.”

“உங்கம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. சவப்பெட்டியைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்.”

பத்திரிகை மெல்ல இறங்கியது. “நீ எதுக்கு வந்தே?”

“நானா? வழி தவறி வந்துட்டேன்.”

“அதைத்தான் கண்ணு கெட்டுப்போச்சுங்கறது” என்றான். இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வெளியே வந்து அதட்டினாள்.

அவனுக்குக் கிட்டத்தில் உள்ளது தெரியாது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தே ஒரு வருடமாகிறதாம். எனக்கு எட்டத்தில் உள்ளது தெரியாது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஓட்டுநர். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கை குலுக்கிக்கொண்டோம். போட்டி போட்ட பதினோரு வருடத்தில் நாங்கள் கை குலுக்கியது இதுதான் முதல் தடவை.

மே 2, ஞாயிறு

வண்டிக்குள் ஏறியபின் யாருக்கும் தெரியாமல் புது மூக்குக்கண்ணாடியை மாட்டி, அதன் மேல் தூசிக்குப் போடும் பெரிய கண்ணாடியை இழுத்துவிட்டேன். கிளம்பினோம்.

கடவுளே! அந்தச் சுவர் இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது? எத்தனை வருடமாக? அதில் ஒவ்வொரு கீறலும் தெரிகிறது. அதில் பாதி என் வண்டியின் நீலப் பெயின்ட்! இதையா நான் விரற்கடை இடைவெளியில் உரசிக்கொண்டு போனேன்? கால் தானாகவே பெடலை விட்டு எழும்புகிறது. முடிவில் நான் பத்தொன்பதாவது.

இன்னொன்றும் தெரிந்தது. பார்வையாளர் இருக்கைகளில் மூன்றாவது வரிசையில் நெவா. கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தேன், அப்படியேதான்.

சாப்பிடும்போது கேட்டேன். “நீ பந்தயம் பாக்கறதே இல்லையா?”

“பதினாலு வருஷமா ஒண்ணுகூடப் பாத்ததில்ல. சத்தத்தை வெச்சே உன் வண்டி எதுன்னு தெரியும்.” பீன்ஸைத் தட்டில் போட்டாள். “அது சரி, மூணாவது வரிசை உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியுது?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியின் காம்பில் ரப்பர் பட்டை கட்டித் தந்தாள், நழுவாமல் இருக்க.

மே 9

பதினாறாவது. ஆர்வில் மூன்று நாளாக இன்ஜினைக் கழற்றிப் போட்டுக் குறை தேடுகிறான். குறை என் மூக்கின் மேல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

மே 16, ஞாயிறு

 

இன்று சுவருக்குப் பழகிவிட்டேன். டப்புக்குப் பின்னால் இரண்டாவது, நல்ல வேகம். மூன்றாவது திருப்பத்தில் எவனுக்கோ டயர் வெடித்து ஒரே புகை. டப் அதற்குள் போனான். நானும்தான்.

உள்ளே அவன் வண்டி குறுக்கே நின்றது. ஓட்டுநர் பக்கம் என்னைப் பார்த்து. சன்னலில் அவன் வெள்ளைக் கையுறை. அது எனக்குத் தெரிந்தது — போன மாதமாக இருந்தால் தெரிந்திருக்காது. புகை என்று நினைத்து நேராக அவன் மேலேயே — ஐயோ, நெனைக்கவே முடியல.

இடது பக்கம் ஒடித்தேன். புல், வேலி, அதற்கப்பால் சேறு. ஒரு காதில் கண்ணாடி தொங்க நான் ஊர்ந்து வெளியே வந்தபோது எதிரே பத்திரிகைப் புகைப்படக்காரர்.

மே 17

முதல் பக்கத்தில் படம். காலை எட்டு மணிக்கே திரு. ஹஃப்மனின் தொலைபேசி. “என் வண்டி பேப்பர்ல வரணும்னு ஆசைப்பட்டேன்தான். மூக்குக்கண்ணாடியோட இல்ல.” 68 இனி என்னுடையது அல்ல.

ஆர்வில் வந்தான். “ரெண்டு இன்ஜினைக் கழட்டினேனே மச்சான். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” அவன் குரல் உடைந்திருந்தது.

டப்பிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவன் உயிரு பொழச்சுது, எம் பொழப்பு போச்சு. அவன் கண்ணைப் பத்தி யார்கிட்டயாவது நான் வாயைத் திறந்தேனா? இல்ல. அவனா வந்து பேசட்டும்னு நானும் இருந்துட்டேன்.

ஜூன் 6, ஞாயிறு

வீட்டில் இருக்க முடியவில்லை. பந்தயத் திடலுக்குப் போய் வேலிக்கு வெளியே சும்மா நின்றேன். உள்ளே, பந்தயத்துக்கு முன் நடக்கும் ஓட்டுநர்கள் கூட்டம். டப் எழுந்தான். பையிலிருந்து சோடாப் புட்டி மாதிரி ஒரு கண்ணாடியை எடுத்து எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டான்.

“நல்லாப் பாத்துக்குங்க. சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சுக்கலாம். ஹாய்ட் சைஸ்மோர் கண்ணாடி போடலைன்னா நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் நேராக வேலிக்கு வந்தான்.

“இதைச் சொல்ல மூணு வாரம் ஆச்சு. நான் கோழை.”

“தெரியும்.”

“இன்னொரு வண்டி கட்டறேன். எதிர்ல என்ன வருதுன்னு தெரியற ஆள் வேணும். ஆர்வில்கிட்ட பேசிட்டேன், வரேன்னான்.”

“என்னைக் கேக்காமலா?”

“உன் பொண்டாட்டியைக் கேட்டேன்.”

மார்ச் 5, 1972, ஞாயிறு

பருவத்தின் முதல் பந்தயம். கூட்டத்தில் அதிகாரி, “கண்ணாடி போடறவங்க கையைத் தூக்குங்க, குறிச்சுக்கணும்” என்றார். ஏழு கைகள். இன்னும் இரண்டு பேர் பாதி தூக்கிவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டார்கள்.

நான் மூன்றாவது, டப் நாலாவது. முதலாளியை முந்தினால் என்ன ஆகும் என்று கடைசிச் சுற்றுவரை யோசித்துக்கொண்டேதான் முந்தினேன்.

முந்தியதிலிருந்து டப் என்னோடு பேசவில்லை. ஆனால் ராத்திரி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோழியின் பெரிய துண்டை என் தட்டில்தான் வைத்தான்.