தூறலுக்குத் தம்பி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம், கேக் கடையும் பழுதில்லாமல் ஓடுகிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, பேத்தி தூறல், பிறந்து இத்தனை நாளாகியும் கூப்பிட ஒரு பேர் இல்லாமல் கிடக்கிற அந்தச் சின்ன மனுஷன், நாலு பேரும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறார் என்று கேட்பாய். உன் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது, நான் இங்கே இருமினால் அங்கே உன் பக்கத்து வீட்டம்மா மருந்து சாப்பிட்டாரா என்று விசாரிக்கிறார். இன்றைக்கு நான் சொல்ல வந்தது உன் காதுக்கு மட்டும். படித்ததும் மேசை மேல் போட்டு வைக்காதே, தூறல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்று நீதானே பெருமையடித்தாய்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். பையனுக்குப் பேர் வைக்க வேண்டுமென்றால் நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அக்கா பேருக்குப் பொருத்தமாகத் தம்பிக்கு ஒரு பேர் சொல்லுங்கள் என்று குடும்பம் முழுவதற்கும் செய்தி அனுப்பினாய். நம் குடும்பத்தைப் பற்றி உனக்குத் தெரியாதா, விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டாலே இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொள்கிற குடும்பம் அல்லவா. ஜோடி பார்த்து வாங்க அவன் என்ன செருப்பா. தூறலுக்குப் பேர் வைத்த கதையை நினைத்துப் பார், அவள் பிறந்த அன்று மழை என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் சொட்டிக்கொண்டிருந்தது, நர்ஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டே 'தூறல் வந்துடுச்சு' என்று சொல்ல, அரை மயக்கத்தில் இருந்த நீ 'வந்துட்டாளா' என்று கேட்டாய், அதுவே செல்லப் பேராகிப் பிறகு பதிவுப் பேரும் ஆகிவிட்டது. அன்றைக்கு நீ எங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் அது நல்ல பேராக அமைந்தது.

இந்தத் தடவை கேட்டாய், அனுபவித்தாய். உன் அத்தை, அதாவது என் அருமை அக்கா, முதல் ஆளாகச் சாரல் என்றாள். தூறலும் சாரலும் ஒரே வீட்டில் இருந்தால் கொடியில் போட்ட துணி எந்தக் காலத்தில் காயும் என்று கேட்டேன், கோபித்துக்கொண்டாள். உன் அம்மா முகிலன் என்றாள், நல்ல பேர்தான், ஆனால் தெருவில் நின்று முகிலா என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வீட்டு ஜன்னல் திறக்கும். நானும் சும்மா இருந்தேனா, இல்லை, பரிதி என்று ஒன்றை எடுத்துவிட்டேன், சூரியன் என்று அர்த்தம், கம்பீரமாக இருக்கும் என்று பார்த்தேன். உடனே என் அக்கா, 'அக்கா மழை, தம்பி வெயிலா? ரெண்டும் சேர்ந்தா காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்டா' என்று குரல் செய்தி அனுப்ப, அதைக் கேட்டு ஊரே சிரித்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரைக் கேட்டுத் தூறன் என்று கண்டுபிடித்தாரே, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காக. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், ஊரைத் தூற்றுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஆளுக்குக்கூட அந்தப் பேர் கொஞ்சம் அதிகம்.

இதில் உன் மாமனார் அடித்த கூத்துதான் எல்லாவற்றுக்கும் சிகரம், அதை உன்னிடம் யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாயிலிருந்து விசில் சத்தம் போகவில்லை, எதைச் சொன்னாலும் 'ரைட்' என்று முடித்துவிடுகிறார், அதற்கு மேல் நாம் பேசினால் ஓடுகிற பஸ்ஸில் ஏறின மாதிரி முறைக்கிறார். அவர் கார்மேகவண்ணன் என்ற பேரை முடிவு செய்துவிட்டு, பஸ் ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டார். போன வாரம் நேராகக் கடைக்கு வந்து, 'சம்பந்தி, ரெண்டு பேரையும் ஒரு கேக்குல பக்கத்துப் பக்கத்துல எழுதுங்க, பொருத்தம் கண்ணுக்குத் தெரியட்டும்' என்றார். அரைக்கிலோ கேக்கில் தூறல் என்று எழுதிவிட்டேன், அழகாக உட்கார்ந்தது. அதன் கீழே கார்மேகவண் வரைக்கும் வந்தது, மிச்சம் இருந்த ணன் சரிந்து கேக்கின் ஓரத்தில் இறங்கிவிட்டது. கடையில் நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் ரொட்டியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், 'சம்பந்தி, இந்தப் பேருக்கு ரெண்டு கிலோ கேக் வேணும், எழுதி முடிக்கறதுக்குள்ள பையன் காலேஜ் முடிச்சிருப்பான்' என்றேன். அவர் முகம் சிவந்து, 'அரைக்கிலோ புத்திக்கு அவ்ளோதான் எழுத வரும்' என்று சொல்லிவிட்டுப் போனார். கேக் இங்கேயே கிடந்தது. உன் அம்மாவும் நானும் மறுநாள் காலையில் அதைத்தான் சாப்பிட்டோம், எனக்கு ணன் கிடைத்தது. அதோடு எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், நிதானமாகப் படி. செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் கூட்டமாக இருந்தபோது உன் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் திரையில் பாதி நெற்றி, மேலே உங்கள் வீட்டு மின்விசிறி. தூறல்தான். நீ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாயாம், உனக்குத் தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கேட்காத கிசுகிசுப்பில், 'தாத்தா, பேரைப் பாதியா வெட்டினா வலிக்குமா?' என்று கேட்டாள். நான் வழக்கம்போல விளையாட்டாக, எந்தக் கத்தியால் வெட்டப் போகிறாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. 'எனக்குத் தூ போதும், றல் தம்பி எடுத்துக்கட்டும். நான் அவனை அப்படித்தான் கூப்பிடறேன், றல்னு சொன்னா திரும்பிப் பாக்கறான்' என்றாள். றகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்று சொல்ல என் நாக்கு துடித்தது, அதைவிடப் பெரிய சிரிப்பும் வந்தது, சிரித்தே விட்டேன். திரையிலிருந்து நெற்றியும் போய்விட்டது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அவள் அழுகிறாள் என்று புரிந்தது.

கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வாங்கினேன். அவள் அப்பா போனில், 'இவ பேர்தான் பிரச்சனையே, முதல்லயே வேற பேர் வெச்சிருந்தா இந்தத் தலைவலி இல்ல' என்றாராம். அதற்கு ஸ்பீக்கரில் அந்தத் தாத்தா, அதாவது உன் மாமனார், சின்னக் குழந்தைதானே, அவள் பேரை மாற்றிவிட்டால் போகிறது என்றாராம். அன்றிலிருந்து பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள், எந்த நாளில் நீங்கள் பேரைப் பிடுங்க வருவீர்கள் என்று. முழுசாகப் போவதற்குப் பாதியாவது மிஞ்சட்டும் என்று தானே பங்கு போட்டிருக்கிறாள். நான் பதறிப்போய், உன் பேர் உன்னுடையது, அதை யாரும் கேட்கவில்லை, எவனாலும் தொட முடியாது என்று சத்தியம் செய்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'அப்ப ஏன் எல்லாரும் என் பேரையே சொல்லிச் சொல்லிச் சண்டை போடறீங்க?' என்றாள். எதிரில் நின்ற வாடிக்கையாளர் கேக்கில் என்ன எழுத வேண்டும் என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் காதில் ஏறவில்லை. 'அம்மாகிட்ட சொல்லாதீங்க' என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

உன் அம்மாவிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் மாவுக் கையோடு அப்படியே படியிறங்கி உன் மாமனார் வீட்டுக்கு நடந்தாள், நான் கடையை அரைகுறையாகச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவருடைய குரலைப் பற்றி உனக்குத் தெரியும், பஸ்ஸின் பின்படியில் நின்று டிரைவருக்குக் கேட்கப் பேசிப் பழகினவர், அன்றைக்கு அவர் குரல் வாசலில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. 'நான் சொன்னப்ப குழந்தை பக்கத்துலயா இருந்தா?' என்று மட்டும் கேட்டார். உன் அம்மா, 'பக்கத்துல இல்லன்னா சொல்லலாமா?' என்று திருப்பிக் கேட்டாள். மறுநாள் காலையில் கடையில் வரிசையில் நின்றார், சம்பந்தி என்று முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரவில்லை, தன் முறை வந்ததும், 'நான் சொன்ன பேரைத் திரும்ப எடுத்துக்கறேன். பேரப்பிள்ளைக்கு எதை வெச்சாலும் சரி, தூறல்கிட்ட நானே பேசணும், என்ன பேசறதுன்னுதான் தெரியல' என்றார். நானும் பரிதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இருவரும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தோம், பேர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. உன் அத்தையை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை, இன்று காலையில்கூடப் புதிதாக மூன்று பேர்களை எழுதி அனுப்பியிருக்கிறாள், நீயே பார்த்துக்கொள்.

இதை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு சண்டைக்குப் போகாதே. அவர் தூக்கமில்லாத அலுப்பில் தமாஷாகத்தான் சொல்லியிருப்பார். தமாஷ் பேசுகிறவர்களுக்குக் கேட்கிற காது எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிவதில்லை, நானும் அந்த ஜாதிதான், அவரைச் சொல்ல எனக்கு வாயில்லை. தூறல் என்னிடம் சொன்னாள் என்றும் காட்டிக்கொள்ளாதே, நம்பிச் சொன்ன பிள்ளை, தாத்தா போட்டுக்கொடுத்துவிட்டார் என்று தெரிந்தால் இனி எவரிடமும் சொல்ல மாட்டாள். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு, காரணமில்லாமல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடு, போதும். பையனுக்கு எந்தப் பேர் என்று நான் சொல்லப்போவதில்லை, இனிமேல் சொன்னால் உன் அம்மா எனக்குச் சோறு போட மாட்டாள். பொருத்தத்தை மட்டும் விட்டுவிடு. பின்னால் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஊரில் வாழப்போகிறவர்கள், அக்கா யாரென்றே தெரியாத மனிதர்கள் நடுவில் நின்றுதான் அவன் தன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும், அங்கே அது தனியாக நிற்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்காமல் போய்ப் பார். உங்கள் நாலு பேருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு நன்றாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. பேரை முடிவு செய்ததும் எங்களுக்குப் போன் செய்ய ஓடாதே, முதலில் தூறலின் காதில் சொல். அவள் போய்த் தொட்டிலுக்குள் குனிந்து அவனிடம் சொல்லட்டும். அவன் திரும்பிப் பார்த்தானா என்று அவளே எனக்குச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாய் அடங்கிய
உன் அப்பா