மந்திரிக்காத வண்டி

ஜூலை 14, திங்கள்

பள்ளி பஸ்ஸில் தீபிகா சாதாரணமாகத்தான் சொன்னாள். "எங்கப்பா இப்பல்லாம் அஞ்சரைக்கே பட்டறைய மூடிடறார்டி. ஒரு மாசமா வேலையே இல்லியாம்." அவள் அப்பா தெய்வசிகாமணிக்கு வில்லியனூரில் லாரி பாடி கட்டும் பட்டறை. என் அப்பா அங்கே பன்னிரண்டு வருடமாக வெல்டர்.

என் அப்பா தினமும் ஒன்பது மணிக்கு வருகிறார். "ஓவர்டைம், செலின்" என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மா சோறு போடுகிறாள்.

அஞ்சரையிலிருந்து ஒன்பது வரை எங்கே?

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள், போர்வைக்குள் டார்ச். அம்மா புரண்டு படுத்தால் அணைத்துவிடுவேன்.

ஜூலை 16, புதன்

அப்பாவின் சட்டையை அலசினால் தண்ணீர் சிவப்பாகிறது. "இன்னாங்க இது?" என்றாள் அம்மா. "ஸ்கூல் வேனுக்கு பெயின்ட்டு" என்றார்.

ஸ்கூல் வேன் மஞ்சள். அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

ஜூலை 20, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்கக் கூடாது.

பூசை முடிந்ததும் லியோ மாமா பைக்கை எடுத்தார். மாமா அம்மாவின் தம்பி, பெயின்டர். அவர் நகத்திலும் அதே சிவப்பு. "அப்பா எங்க போறாருன்னு சொல்லு, இல்லன்னா அம்மாகிட்ட சொல்லுவேன்" என்றேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஏறித் தொல. ஆனா உங்கம்மாகிட்ட மூச்சு வுட்ட, அவ்ளோதான்."

பண்டசோழநல்லூர் போகிற வழியில் ஒரு மூடிக் கிடக்கும் ரைஸ் மில். அதன் களத்தில் ஒரு பழைய தீயணைப்பு வண்டி. ஏணி இல்லை, குழாய் இல்லை, பின்பக்கத்தைப் பாதி வெட்டி எடுத்திருந்தார்கள். அப்பா அதன் அடியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இவள எதுக்குடா இட்டாந்த?"

"மாமா, உம் பொண்ணு போலீசு. நான் இன்னா பண்றது?"

ஏலத்தில் எடுத்த வண்டியாம். ரெக்கவரி வண்டியாக மாற்றுகிறார்களாம். ரோட்டில் நின்றுபோன கார், அடிபட்ட கார் எல்லாவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டு போக. "யாருதுப்பா?" என்று கேட்டேன். "வெயில்ல நிக்காத" என்றார். அது பதிலா?

ஜூலை 27, ஞாயிறு

மறுபடி மாமாவோடு போனேன். பின்பக்கம் முழுக்க இரும்புத் தகடு போட்டாகிவிட்டது. கார் ஏறுவதற்குச் சாய்வுப் பலகை, இழுப்பதற்கு வின்ச். எல்லாம் சரி. ஆனால் தண்ணீர்த் தொட்டியை அவர்கள் எடுக்கவில்லை. மேல் பாதியை வெட்டிவிட்டு, கீழ்ப் பாதியை டிரைவர் கேபினுக்குப் பின்னால் அப்படியே விட்டு, மேலே தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு சின்ன மூடி. அதன் மேலும் பெயின்ட். தெரியாதவர்கள் பார்த்தால் அங்கே தொட்டி இருப்பதே தெரியாது.

"கார் ஏத்தற வண்டிக்குத் தொட்டி எதுக்கு மாமா?"

"நீ குளிக்கறதுக்கு."

மில்லின் பம்ப் ரூம் பின்னால் நின்று கேட்டேன். அப்பாவின் குரல்: "மொத நடை பார்டர் தாண்டி போய்ட்டு வர வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. செலினுக்கே தெரியாது." மாமா: "தெரிஞ்சா நம்ம கதை அவ்ளோதான் மாமா."

அந்த இடம் முழுக்க ஒரு வாசனை. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் என்கிறார் மாமா. ஆஸ்பத்திரி மாதிரி, ஸ்பிரிட் மாதிரி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எங்கள் தெருவில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாராய பாட்டில் விலை குறைவு, அந்தப் பக்கம் வேறு மாநிலம், விலை அதிகம். எதிர்வீட்டு அன்புராஜ் அண்ணன் பாட்டில் கடத்த ஆட்டோ சீட்டுக்கு அடியில் பெட்டி செய்தார். பிடித்தார்கள். காலாப்பட்டு ஜெயிலில் எட்டு மாதம். அவர் பொண்ணு ஏஞ்சல் மேரி என்னோடு ஞானோபதேச வகுப்பில் இருந்தாள். பிறகு வரவில்லை. அவள் போனால் பசங்க "குவார்ட்டரு, குவார்ட்டரு" என்று கூப்பிடுவார்கள். நானும் அப்போது சிரித்தேன்.

ஆட்டோ சீட்டுக்கே எட்டு மாதம். இவ்வளவு பெரிய தொட்டிக்கு?

ஆகஸ்ட் 6, புதன்

தூங்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று மாதா திருநாள். பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் எந்த வண்டி வாங்கினாலும் முதலில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரோட்டுக்குப் போகும். ஆரோக்கிய பிரகாஷ் அண்ணன் மூன்றாவது கையாக வாங்கின மொபெட்டைக்கூடக் கொண்டுவந்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்.

அப்பாவின் காதில் மெதுவாகக் கேட்டேன். "நம்ப வண்டிய எடுத்துனு வரலியா?"

"அத மந்திரிக்க வேணாம்."

"ஏம்ப்பா?"

"வேணாம்னா வேணாம்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா என் சைக்கிளையே மந்திரிக்க வைத்தவர். வெல்டிங் மிஷினுக்குத் தீர்த்தம் தெளித்தவர். எதைச் சாமி முன்னால் நிறுத்த மாட்டார்கள்? பொய்யைத்தானே.

இனி சந்தேகம் இல்லை. எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தீபிகாவிடம் சொல்லிவிட்டேன். மதிய சாப்பாட்டில் அழுகை வந்துவிட்டது, அவள் விடவில்லை. மில், வண்டி, தொட்டி, மூடி, சாராயம் எல்லாம் சொன்னேன். "சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்டி, பப்ளிக் எக்ஸாம் மார்க் மேல சத்தியம்" என்றாள். நெஞ்சு லேசாகிவிட்டது. இன்று தூங்குவேன்.

ஆகஸ்ட் 23, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் அப்பாவும் மாமாவும் வண்டியை எடுத்தார்கள். கடலூரில் நின்றுபோன ஒரு காரை ஏற்றிவர வேண்டும். சோரியாங்குப்பம் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், செக்போஸ்டில் போலீஸ்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்களாம். வேறு எந்த வண்டியையும் நிறுத்தவில்லை. நேராகத் தொட்டி மூடியைத் திறக்கச் சொன்னார்கள். குச்சி விட்டார்கள். மோந்து பார்த்தார்கள்.

தண்ணீர். வெறும் தண்ணீர்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்: "சேத்துல மாட்டுன காரை வின்ச் போட்டு இழுத்தா நம்ப வண்டி வழுக்கினு பின்னால போவும்க்கா. முன்னாடி கனம் வேணும். அதுக்குத்தான் தண்ணி. மாமாவோட ஐடியா."

வண்டி அப்பாவுடையது. சொந்தமாகத் தொழில் செய்ய, அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஏலத்தில் எடுத்தது. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். அம்மா முதலாளி வீட்டு மீனாட்சி அக்காவுக்கு ரவிக்கை தைக்கிறாள், அம்மாவுக்கு வாய் நிற்காது. அதனால்தான் அம்மாவிடமும் சொல்லவில்லை. கோயில் வாசலில் நிறுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் மந்திரிக்கவில்லை.

அவ்வளவுதான். அவ்வளவேதான்.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் தீயணைப்பு வண்டி என்றே இருக்கிறது. மாற்றினதற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார்கள், வரவில்லை. ஒரே ஒரு நடைதானே என்று எடுத்துவிட்டார்கள். வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தெய்வசிகாமணி தெருவில் நின்று கத்தினார். "பன்னெண்டு வருஷம் எங்கிட்ட தொழில் கத்துக்கினு, எனுக்கே போட்டியா கடை போடறியா மரியசுந்தரம்? நாளைக்கு பட்டறைப் பக்கம் காலை வெக்காத!" அப்பா தலையைக் குனிந்து நின்றார். எதிர்வீட்டிலிருந்து காசம்மாள் அக்கா, அன்புராஜ் அண்ணனின் மனைவி, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் தீபிகா வேறு சீட்டில் உட்கார்ந்தாள். நானே போய்க் கேட்டேன். "எங்கப்பாகிட்ட சொன்னேன், அவரு செக்போஸ்டுக்கு போன் பண்ணாரு. அதுக்கு இன்னா இப்ப? நீதானடி சாராயம்னு சொன்ன? நானா சொன்னேன்?"

திரும்பி வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார். "மில்லு எனுக்கும் ஒனுக்கும் இவளுக்கும்தான் தெரியும். இவ சொல்ல மாட்டா. எங்க குடிச்சிட்டு ஒளறின?"

"மாமா, ரெண்டு மாசமா நான் தொடவே இல்ல."

"தொட்டது எனுக்குத் தெரியுமா?"

மாமா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தொட்டி எதுக்கு என்று நான் கேட்டது அவரிடம்தானே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி, நான்தான்னு வெச்சிக்க" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏன் சொல்லல மாமா? சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!

செப்டம்பர் 9, செவ்வாய்

மாமா நல்லவாடு மீனவர் குப்பத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறாராம். வீட்டுக்கு வருவதில்லை. அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. அப்பா கூலிக்கு கேட் வெல்டிங் செய்யப் போகிறார்.

இரண்டு முறை அப்பா முன்னால் போய் நின்றேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓவர்டைம், சட்டை, தொட்டி, மந்திரிக்காதது, தீபிகா. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கை சோற்றிலேயே இருந்தது.

"என்னியாம்மா அப்படி நெனச்ச?"

வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. அது ஒன்றுதான். கையைக் கழுவிக்கொண்டு மாமாவுக்குப் போன் செய்தார். "லியோ... நீ இல்லடா. வா."

அம்மா என்னைத் திட்டினாள், பிறகு கட்டிக்கொண்டாள். அப்பா வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அனுமதி வந்து, அபராதம் கட்டி, வெள்ளிக்கிழமை வண்டியை விட்டுவிட்டார்கள். மறுபடி மில் களத்தில் நிற்கிறது. அப்பாவும் மாமாவும் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னிடம் சாப்பாடு கொடுத்து அனுப்பினாள். கேட் வரைக்கும் மாமாவின் சிரிப்பு கேட்டது. எந்த ஊருக்கு முதலில் போவது, யாரிடம் வேலை கேட்பது என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

அப்பா கேரியரை வாங்கிக்கொண்டு, "படிக்கற வேலை இருக்கும், நீ போம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கேட்டைத் தாண்டி வந்து கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி பேச ஆரம்பித்தார்கள். முன்னைவிட மெதுவாக.