கிளம்பும்போது தெரியும்

அன்புள்ள உனக்கு,

பறவைக் கணக்கெடுப்புத் தாளில் இன்றும் அடித்தல் திருத்தல்தான். பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் என்கிறார்கள். குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெள்ளை. பெயர் வைத்தவரை எங்கே போய்த் தேட?

"உக்காந்திருக்கறப்போ பாத்து முழிக்காதீங்க. கிளம்பறப்போ பாருங்க, பழுப்புத்தலைக்கு இறக்கை நுனியில வெள்ளைப் பொட்டு தெரியும்" என்பாய்.

நேற்று, நீ திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போன அதே வாசலில் வெளிச்சத்தை மறைத்து நின்றவளிடம், "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அத்தான், அக்கா இல்ல, நான். அவ துணியெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னா" என்றாள் உன் தங்கை. அதே நிற்பு, அதே குரல். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்வரை எனக்குக் குழப்பம் தீரவில்லை.

தெருமுனையில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அது நீ இல்லை என்று உறுதியானது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்