காத்திருப்பது நான்

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகம்தான்.

பத்தாம் வகுப்புத் தேர்வை மறுபடி எழுதுவதற்காக நான் சேர்த்து அனுப்பிய பணத்தில், பங்குச் சந்தையில் இரண்டு வருடக் கெடு உள்ள ஆப்ஷன் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நீண்ட காலம் என்பதால் பயமில்லை, விழுந்தாலும் காத்திருந்தால் ஏறிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் டீ கொடுக்கும் பங்குத் தரகர் அலுவலகத்தில் நேற்று விலையெல்லாம் சரிந்து எல்லாத் திரையும் சிவப்பு. ஒருவரும் டீயைத் தொடவில்லை. இரண்டு பிளாஸ்க்கையும் நானே கொட்டிக் கழுவினேன். அப்புறம் அங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் அக்காவிடம் தயங்கித் தயங்கி உங்கள் ஆப்ஷனைப் பற்றிக் கேட்டேன்.

"ஷேர்னா இறங்கினாலும் வச்சிக்கிட்டு உக்காரலாம்டி. ஆப்ஷனுக்குத் தேதி இருக்கு. அதுக்குள்ள சொன்ன விலையைத் தாண்டலேன்னா மொத்தமும் போச்சு. இப்படி விலை இறங்கிக்கிட்டே போற கரடிச் சந்தை ரெண்டு வருஷம் நீடிச்சா உங்கப்பா என்ன, கரடிகிட்ட வாய்தா கேப்பாரா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது விற்றால் பாதியாவது தேறுமாம். என்னைக் கேட்காமல் வாங்கினீர்கள். நான் கேட்டதற்காகவாவது விற்றுவிடுங்கள்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்த கடிதத்திலாவது சந்தையை விட்டுவிட்டு வீட்டைப் பற்றி எழுதுங்கள்.

இரண்டு வருடம் காத்திருக்கலாம் என்கிறீர்கள். இங்கே டம்ளர் கழுவிக்கொண்டு காத்திருப்பது நான்தான், அப்பா.

டீக்கு மணி அடிக்கிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்