உன்னிடம் மட்டும் கேட்காத கேள்வி

தேக்கா சந்தையில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே, பாலும் சீனியும் இல்லாத உன் தேநீர், தே ஓ கோசோங், ஆறிக்கொண்டிருக்கிறது. இதன் வாடையே எனக்கு ஆகாது, இருந்தும் வாங்கிவிட்டேன். பக்கத்தில் பதினொரு தாள்கள். நோயாளி வீட்டுக்குப் போகும்முன் என்ன கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று, வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ்களை ஆளுக்கொரு குறிக்கோள் எழுதச் சொல்லியிருந்தேன். முதல் தாளில், "நோயாளி தன் மாத்திரைகளைப் பற்றிப் புரிந்துகொள்வார்." அடுத்ததில், "விழிப்புணர்வு பெறுவார்." சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். இதை அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தாளைத் திருப்பிப்போட்டு உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் இந்தத் தாள்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிங்கப்பூரில் ஒரே வருஷம் பயிற்சிக்குச் சேர்ந்து, ஒரே விடுதி அறையில் தூங்கி, ஒரே வார்டில் இருபத்து மூன்று வருஷம் குப்பை கொட்டினோம். அதில் பாதி நாள் இந்த ஒரு வார்த்தைக்காகவே என்னோடு சண்டை போட்டிருக்கிறாய். "புரிஞ்சிக்கிட்டார்னு எழுதியிருக்கியே, அவர் மண்டைக்குள்ள போய்ப் பார்த்தியா?" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். வெளியே ஆறு டிஸ்சார்ஜ் காத்திருக்கும்போது இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று முணுமுணுப்பேன்.

கேலாங்கிலிருந்து வந்த டாக்சி அங்கிளை நினைத்துப் பார்க்கிறேன். சர்க்கரை நோய், காலில் புண். தினமும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். எல்லாம் தெரியும் மிஸ்ஸி, எல்லாம் தெரியும் மிஸ்ஸி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் திருப்தியாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குத் திரும்பிப் போனாய். வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள், இப்போது செய்து காட்டுங்கள் என்றாய். பாவம் மனிதர், குனிந்தார். தொந்தி இடித்தது. காலைத் தூக்கினார். முட்டி மடங்கவில்லை. கடைசியில், "இது வரைக்கும் பார்த்ததே இல்ல மிஸ்ஸி," என்று ஒப்புக்கொண்டார். நீ எங்கிருந்தோ ஒரு கண்ணாடியைத் தேடிக் கொண்டுவந்து தரையில் வைத்தாய். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை அதன் மேலே நீட்டி, தன் பாதத்தைத் தானே பார்த்தார். என் வரியை அடித்துவிட்டு நீ எழுதினாய்: "வீட்டுக்குப் போகும்முன், தரையில் வைத்த கண்ணாடியில் இரண்டு பாதங்களின் அடியையும் யார் துணையும் இல்லாமல் பார்த்துக் காட்டுவார்." யார் செய்வார், எதைச் செய்வார், எப்போதுக்குள், நம் கண்ணால் பார்க்க முடியுமா. அதற்குமேல் உனக்கு எந்தப் பாடப்புத்தகமும் தேவைப்படவில்லை.

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. அடுத்து எழுத வேண்டியது என்னவென்று தெரியும், அதனால்தான்.

உன் இருதயம் பலவீனமாகி நீயே நம் வார்டில் வந்து படுத்தாய். உன்னை வீட்டுக்கு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. பாடம் சின்னதுதான். தினமும் காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். எத்தனையோ பேருக்கு நீயே சொல்லிக் கொடுத்தது. தாளோடு உன் கட்டிலருகே வந்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எனக்கே கிளாஸ் எடுக்கப் போறியா லா?" என்றாய். எனக்குக் கூச்சமாகிவிட்டது. நர்ஸுக்கு நர்ஸ் பாடம் எடுப்பதில்லை. நம் ஆட்களிடம் போய்ச் சொல்லிக் காட்டு, செய்து காட்டு என்று கேட்டால் அவமரியாதை. எங்கேயும் எழுதாத இந்தச் சட்டத்தை நாம் எல்லாரும் கடைப்பிடித்தோம். இரண்டே நிமிஷத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கு எந்தக் கடையில் புடவை எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டோம். தாளில் நான் எழுதியது: "விளக்கப்பட்டது. புரிந்துகொண்டார்."

உன்னைத் தகனத்துக்குத் தூக்கிப்போய் ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். நீ எடை எழுதி வைத்த தாளைக் கொடுத்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. என்ன அழகான எண்கள்! தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை முக்கால் கிலோ ஏறியிருந்தது. பக்கத்தில், "முறுக்கா?" என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. அதற்குப் பக்கத்தில் பென்சிலில், "வார்டில் ஆள் குறைவு. திங்கள் செக்கப்பில் சொல்லிக்கலாம்." ஞாயிறு விடியும்போது உனக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் வந்தவள் திரும்பிப் போகவில்லை.

உனக்குத் தெரியாததா? எல்லாம் தெரிந்திருந்தது. அதோடு தீபாவளி வாரத்து ரோஸ்டரும் தெரிந்திருந்தது. யார் யார் லீவு, மிச்சமிருப்பவர்கள் எப்படி ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று வேறு எந்த நோயாளிக்குத் தெரியும்? பாவம் அவர்கள் என்று போனைக் கீழே வைத்துவிட்டாய். அடிப்பாவி, அந்தச் சனிக்கிழமை டியூட்டியில் இருந்ததே நான்தான். கவுண்டரில், போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. போன் செய்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று டாக்டர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாய் என்றும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவே அலைகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கி நடக்கலாம் போலிருக்கிறது, நடந்தால் உட்காரலாம் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு அம்மா வந்து படுத்தார். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், உனக்கு வந்த அதே நோய். தாளோடு போனேன். முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவளிடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு முகம் சிவந்தது, ஆனால் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சனிக்கிழமை காலையில ரெண்டு கிலோ ஏறியிருக்கு. என்ன பண்ணுவீங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. "வீக்கெண்ட்ல உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேம்மா. திங்கக்கிழம வரைக்கும் பார்ப்பேன்," என்றார்.

அவர் போனையே அவர் கையில் கொடுத்து, வார்டு எண்ணை அழுத்தச் சொன்னேன். கவுண்டரில் மணி அடித்தது. எடுத்தவரிடம் தன் பெயரையும் எடையையும் சொல்ல வைத்தேன். அதன் பிறகுதான் எழுதினேன்: "இரண்டு கிலோ ஏறினால், எந்தக் கிழமையானாலும் அன்றே வார்டுக்குப் போன் செய்து எடையைச் சொல்வார். செய்து காட்டினார்." அவருக்குக் கடைசிவரை என்மேல் கோபம்தான். பரவாயில்லை.

இப்போதெல்லாம் யாரானாலும் கேட்டுவிடுகிறேன். நர்ஸானாலும் சரி, டாக்டரானாலும் சரி. ஒவ்வொரு தடவையும் பதில் அவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது. கேட்க வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு அந்த இரண்டு நிமிஷத்தில் உன்னிடம் கேட்டிருந்தால், திங்கட்கிழமை வரை பார்ப்பேன் என்று நீயும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பாய். என்னிடம் நீ ஒருநாளும் பொய் சொன்னதில்லை.